கோப்பி வறுவலும் ஒரு நாள் நடையும்

ஆண்டு மலருக்கு மொழிப்பற்றுக் குறித்துக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டிருந்தனர். அப்பொருள் பற்றி எம்மினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். ஆதலின் நாம் கோப்பி வறுப்பது பற்றியும், நண்பர் ஒருவருடன் மலையொன்றில் ஏறி இறங்கியது பற்றியும் எழுதத் துணிந்தோம். பெற்றோர்கள் பொறுத்தருள்வார்களாக.

தொடக்கம் வகுப்பறையில்தான் நிகழ்ந்தது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுக்களை வினைச்சொற்களைக் கற்பித்துக் கொண்டிருந்தோம். அவித்தல், வறுத்தல், பொரித்தல், வாட்டுதல், சுடுதல், புடைத்தல், தெள்ளுதல், அரித்தல் எனக் கரும்பலகையில் எழுதி, வறுத்தலுக்கு எடுத்துக்காட்டாக, "அம்மா கோப்பிக்கொட்டை வறுத்தார்" என்று ஒரு வாக்கியமும் எழுதினோம். முன்வரிசையில் இருந்த மாணவி கையுயர்த்தி, "சேர், கோப்பி தூள்தானே? தூளை ஏன் வறுக்க வேண்டும்?" என்றாள். கோப்பி ஒரு மரத்துப் பழத்தின் விதை என்பதும், வறுக்குமுன் அது பச்சை நிறமாய் இருக்கும் என்பதும், அவ்வகுப்பில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த கிழமை கொண்டுவந்து காட்டுகிறோம் என்று வாக்களித்தோம். ஆசிரியத் தொழிலில் வாக்களிப்பது எளிது.

பச்சைக் கோப்பிக்கொட்டையை எங்கே பெறுவது என்பதே முதற் சிக்கல். சென்ட் லோரன்ட் பலநாட்டவர் கலந்து வாழும் ஊர். எத்தியோப்பியரும் அரபு மக்களும் வீட்டிலேயே கோப்பி வறுக்கும் வழக்கமுடையோர் என்பது நினைவுக்கு வர, அரபுக் கடையொன்றிற் கேட்டோம். பருப்பு மூட்டைகளுக்கு அருகில், வெளிறிய பச்சை நிறத்தில், வைக்கோல் மணத்துடன் இருந்தது. ஒரு கிலோ வாங்கினோம். வறுத்த கொட்டை சில கிழமைகளில் மணமிழந்துவிடும். பச்சைக்கொட்டையோ ஈரம்படாத இடத்தில் பல மாதம் கெடாதிருக்கும். ஆகவே சற்றுக் கூடுதலாக வாங்கி வைப்பதில் இழப்பில்லை.

முதன்முறை வறுத்த கதையைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. ஊரில் அம்மா வறுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆனால் அகப்பையை ஒருபோதும் கையில் எடுத்ததில்லை. அடி கனமில்லாத சட்டியை மின்னடுப்பில் வைத்து, வெப்பத்தை முழுவதும் கூட்டிவிட்டு, அரைக் கிலோவையும் ஒரேயடியாய்க் கொட்டினோம். ஐந்தாம் நிமிடம் கொட்டைகளின் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. ஆறாம் நிமிடம் புகையுணர் கருவி கட்டடமே அதிரக் கூவியது. எதிர்வீட்டு லெபனான் மூதாட்டி கதவைத் தட்டினார். தீயென்று அஞ்சி வந்தவர், உள்ளே மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, "கோப்பியா? இப்படியா வறுப்பது?" என்று பிரெஞ்சிற் கேட்டு, எம் கையிலிருந்த அகப்பையைத் தாமே வாங்கிக்கொண்டார். இனிச் சொல்லப்போகும் குறிப்புகளிற் பாதி அவருடையவை. எஞ்சியவை அம்மாவை நினைவிற் கொணர்ந்து சேர்த்தவை.

அடி கனத்த இரும்புத் தாச்சியே ஏற்றது. ஒட்டாப் பூச்சுப் பூசிய சட்டி இதற்கு ஆகாது; வெறுமையாய் மிகச் சூடேறினால் அப்பூச்சிலிருந்து தீய புகை எழும். ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். நடுத்தர வெப்பத்தில் தாச்சியை முன்னரே சூடாக்கி, கொட்டையை இட்டபின் அகப்பையை ஒரு கணமும் நிறுத்தலாகாது. முதலில் பச்சை மஞ்சளாகும். வைக்கோல் மணம் மாறிப் பாண் வேகும் மணம் வரும். பின்னர் மெல்லிய சவ்வு கழன்று பறக்கத் தொடங்கும். ஏறத்தாழ எட்டு முதல் பத்து நிமிடத்தில், கொட்டையின் உள்வெப்பம் 196 பாகை செல்சியஸ் அளவை எட்டும்போது, சோளம் பொரிவதுபோல் படபடவென முதல் வெடிப்புக் கேட்கும். உள்ளிருந்த ஈரம் நீராவியாகிக் கொட்டையைப் பிளக்கும் ஒலி அது. அது ஓய்ந்தபின் சற்று அமைதி நிலவும். பிறகு 224 பாகையளவில் இரண்டாம் வெடிப்பு. இது மெல்லியது, காய்ந்த ஓலை முறுகுவது போன்றது. இரண்டாம் வெடிப்பு வலுக்குமுன் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் நிற்பது கோப்பி அன்று, கரி.

மின்னடுப்பைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறத்தலாகாது. விறகடுப்பில் கொள்ளியை வெளியே இழுத்தால் வெப்பம் தணியும். மின்னடுப்பின் சுருளோ, நிறுத்திய பின்னரும் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். எனவே அடுப்பை நிறுத்தினாற் போதாது. தாச்சியையே அகற்ற வேண்டும். அகற்றியதும் கொட்டையைச் சுளகிற் கொட்டிப் புடைத்தால் சவ்வும் பறக்கும், சூடும் ஆறும். சுளகு இல்லாதோர் இரண்டு உலோக வடிதட்டுகளுக்கிடையே மாறி மாறிக் கொட்டலாம். கால் கிலோ பச்சைக்கொட்டை வறுத்தபின் இருநூற்றுப் பத்துக் கிராமளவாய்க் குறையும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று எண்ணற்க. வறுத்த கொட்டை ஓர் இரவாவது கரியமிலவாயுவை வெளிவிட்டபடி இருக்கும் என்பதால், மூடியை அன்று இறுக்கலாகாது.

புகையுணர் கருவியின் மின்கலத்தைக் கழற்றிவிடலாமே என்று சிலர் சொல்வர். அவ்வாறு செய்யவே கூடாது. சாளரத்தைத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைச் சுழலவிட்டு, இடைக்கதவை மூடிவிட்டால் போதும். சனவரியில் சாளரம் திறப்பதைவிடக் கோப்பியின்றி இருக்கலாம் என்று தோன்றும். அதனால் நாம் பனிக்காலத்துக்கு வேண்டியதை இலையுதிர் காலத்திலேயே வறுத்துவிட முயன்று, மணமிழந்த கோப்பியை மூன்று மாதம் குடித்த அனுபவமும் உண்டு.

எமது ஊர் வழக்கப்படி மல்லியும் சேர்க்க விரும்புவோர், அதனைத் தனியே இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். கோப்பி முதிர்வதற்குள் மல்லி கருகிவிடும். சிறிது மிளகும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்து அரித்தால், தடிமன் காய்ச்சலுக்கும் அதுவே மருந்து.

இனி நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இங்குள்ள வெதுப்பகம் ஒன்றில் இரவுவேலை பார்ப்பவர். சனிக்கிழமைகளில் வேலை முடிந்து நேரே மகளைப் பள்ளிக்கு அழைத்து வந்து, வகுப்பு முடியும்வரை கீழ்த்தளத்து வாங்கிலிருந்து தூங்குவார். எம்மைவிட ஆறு வயது மூத்தவர். நாம் 'அண்ணை' என்போம், அவர் 'மாஸ்ரர்' என்பார். பாணின் மேற்றோல் எந்நிறத்தில் இறக்கப்பட வேண்டும் என்பதில் இருபது ஆண்டுப் பயிற்சியுடையவர் ஆதலால், வறுத்த கொட்டையை அவரிடமே காட்டிக் கருத்துக் கேட்பது வழக்கமாயிற்று. இரு கைகளிலும் தேய்த்து முகர்ந்து, "இன்னும் அரை நிமிசம் விட்டிருக்கலாம்" என்றோ, "கூடிப்போச்சு" என்றோ சொல்வார். வேறு விமரிசனம் இல்லை.

அவருக்குக் குருதியமுக்கம் கூடியிருந்தது. நாள்தோறும் நடக்குமாறு மருத்துவர் பணித்திருந்தார். அவர் நடக்கவில்லை. ஒரு நாள் மலை ஏறுவோம் வாருங்கள் என்று நாம் அழைத்தபோது அவர் எம்மை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"மாஸ்ரர், துரத்துறதுக்கு ஒருத்தரும் இல்லாமல் என்னத்துக்கு நடக்கிறது?"

அது பகிடியன்று. அதற்கு மறுமொழி சொல்ல எமக்கு ஒரு கிழமை பிடித்தது. மறுமொழி என்று சொன்னதும் மறுமொழி அன்று. கோப்பி கொண்டுவருகிறோம் என்று மட்டும் சொன்னோம்.

நாளைத் தெரிவு செய்வதில் இடர்ப்பாடு. சனிக்கிழமை பள்ளி, ஏனைய நாட்களில் அவருக்கு வேலை. நாட்காட்டியைப் புரட்டியதில் இருவருக்கும் ஒத்துவந்த ஒரே ஞாயிறு ஒக்ரோபர் 30. இலைகள் பெரும்பாலும் உதிர்ந்திருக்குமே என்று நாம் சொன்னோம். நண்பர் இலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திகதியை மட்டும் ஒருமுறை திருப்பிச் சொன்னார். அப்போதுதான் எமக்கும் உறைத்தது.

வலிகாமத்தில் பிறந்தோருக்கு இத்திகதியை விளக்க வேண்டியதில்லை. இங்கு பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 1995 ஒக்ரோபர் 17இல் 'சூரியக்கதிர்' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி, திங்கட்கிழமை மாலை, அனைவரும் உடனே தென்மராட்சிக்கு வெளியேறுமாறு ஒலிபெருக்கிகள் அறிவித்தன. இலட்சக்கணக்கானோர் ஓர் இரவில் தெருவுக்கு வந்தனர். எமக்கு அப்போது பதினேழு வயது. கோண்டாவிலிலிருந்து செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம் வரையுள்ள தூரம் மிதிவண்டிக்கு ஒரு பொழுதுபோக்கு. அன்றோ விடியும்வரை நடந்தும் பாலம் கடக்கவில்லை. மழை பெய்தது. குடையைத் தலைகீழாகப் பிடித்துக் குடிக்க நீரேந்தியோரைக் கண்டோம்.

அன்று பிற்பகல் அம்மா கோப்பி வறுத்திருந்தார். இடிப்பதற்கு நேரம் இருக்கவில்லை. சுளகில் ஆறிக்கொண்டிருந்த கொட்டையை ஒரு சீலைத்துண்டிற் கொட்டி முடிந்து, தம் இடுப்பிற் செருகிக்கொண்டார். வழியில் அப்பா உறங்கி விழும்போதெல்லாம் அம்முடிச்சை அவிழ்த்து ஆளுக்கு நான்கு கொட்டை தருவார். மென்று விழுங்கினோம். கசப்பு நாவில் நிற்கும்வரை கண் மூடாது. சுளகு வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தது. அடுத்த ஆண்டு திரும்பிச் சென்றபோது திண்ணை இருந்தது.

நண்பரும் அதே இரவில், கோப்பாய்ப் பக்கமிருந்து கைதடிக்கு நடந்தவர். நாமிருவரும் பல ஆண்டு பழகியும் அதுவரை இதனைப் பேசிக்கொண்டதில்லை. திகதியை மாற்றிவிடலாமா என்று கேட்டோம். "மாத்தினால் இன்னொரு நாள் வராது" என்றார். அவருடைய வேலை நேர அட்டவணையைக் குறித்துத்தான் சொன்னார் என்று எண்ணுகிறோம்.

எங்கே செல்வது? நகர் நடுவிலுள்ள மொன்றோயல் மலை அணித்தே உள்ளது. 233 மீற்றர் உயரம். நியூயோர்க்கின் மத்திய பூங்காவை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஒல்ம்ஸ்ரெட்டின் திட்டப்படி 1876இல் பூங்காவாயிற்று. 1643இல் மெசொன்னெவ் என்பார் தம் தோளிற் சிலுவையைச் சுமந்து ஏறிய மலையும் அதுவே. ஆனால் அங்கு முக்கால்வாசி வழியில் ஊர்திச் சத்தம் கேட்கும். ஆகவே கிழக்கே உள்ள சென்ட் இலேர் மலையைத் தெரிந்தோம். நாம் ஊரிற் புவியியல் கற்பித்தவர் ஆதலால் இதில் சிறிது தன்னலமும் உண்டு. சமவெளியில் திடீரென எழும் இக்குன்றுகள் எரிமலைகள் என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று, 12 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியிற் புகுந்து, வெளிவராமலே உறைந்த பாறைக்குழம்பு அது. மேலிருந்த மென்பாறை காலத்தால் அரிந்துபோக, வன்பாறை குன்றாய் எஞ்சியது. அம்மலையை மக்கில் பல்கலைக்கழகத்துக்கு 1958இல் உயில்வழி விட்டுச் சென்றவர் ஹமில்ரன் கோல்ற். 1978இல் யுனெஸ்கோ கனடாவில் ஏற்ற முதல் உயிர்க்கோளக் காப்பகம் அதுவே. மலையின் பாதி மக்களுக்குத் திறக்கப்பட்டுள்ளது. மறுபாதி காட்டுக்கே விடப்பட்டுள்ளது.

முதல்நாள் மாலை பை கட்டினோம். எமது பட்டியல் சிறியது: ஆளுக்கு ஒன்றரை லீற்றர் நீர், சம்பலும் பாணும், மாற்றுக் காலுறை, மெல்லிய உடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கைவிளக்கு, கோப்பிக் குடுவை. ஈர இலை வழுக்கும் என்பதால் அடி பிடிமானமுள்ள சப்பாத்து. இப்பகுதியில் உண்ணி கடித்து நோய் வருவதுண்டு. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருக வேண்டும். ஒக்ரோபர் இறுதியில் ஐந்தே முக்காலுக்குள் ஞாயிறு மறைந்துவிடும் என்பதால், காலை பத்துக்கு ஏறத் தொடங்கி மூன்றுக்கு இறங்கிவிட வேண்டும் என்று கணித்தோம். கோப்பி நெடுநேரம் சூடாயிருக்க, குடுவையில் முதலிற் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுப் பின் கோப்பியை ஊற்றுக.

நண்பரின் பையை எமது வீட்டு நிறைகோலில் வைத்தோம். பதினொரு கிலோ.

திறந்து பார்த்தோம். மூன்று நாளுக்கான உடை, மெழுகுதிரி, தீப்பெட்டி மூன்று, அரைக் கிலோ அவல், சீனி, காய்ச்சல் மாத்திரை, கயிறு. அடியில் நெகிழியுறைகள் இரண்டினுள் குடும்பத்தினர் அனைவரின் பிறப்புச் சான்றிதழ்கள், குடிவரவுப் பத்திரங்கள், மகளின் பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள், தந்தையாரின் இறப்புச் சான்றிதழ். இது மலைக்காகக் கட்டிய பை அன்று. அவருடைய வீட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் கட்டியபடியே தொங்கும் பை. அதற்குள் பாணை மட்டும் புதிதாய் வைத்திருந்தார்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியருக்கு இது அரிது. எம் வீட்டு அலுமாரியின் மேற்றட்டிலும் அத்தகைய உறை ஒன்று உண்டு என்பதால் சொல்ல வாயெழவில்லை. அவரே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அவல் போயிற்று, மெழுகுதிரி போயிற்று, உடை போயிற்று. பத்திர உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "இதை இங்கே வைக்கட்டே, மாஸ்ரர்?" என்று கேட்டார். அலுமாரியைத் திறந்து எமது உறைக்குப் பக்கத்தில் வைத்தோம். பை நான்கு கிலோவாயிற்று.

காரிற் செல்லும்போது, கோப்பிக்கும் நடைக்கும் பழைய தொடர்பொன்று இருப்பதை அவருக்குச் சொன்னோம். தேயிலைக்கு முன் இலங்கை மலைநாட்டில் விளைந்தது கோப்பி. அதனைப் பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைவரை நூறு மைலுக்கு மேல் நடந்தனர். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டோர் மிகப்பலர். கோப்பி பருவகாலப் பயிர். பறித்து முடிந்ததும் பலர் அதே வழியால் திரும்பி நடப்பர். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிப் பதினைந்து இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதன் இடத்துக்கு வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும் என்பதால், வந்தோர் அங்கேயே தங்கலாயினர். எமது பாடநூலில் இலைத்துருவுக்கு ஒரு பந்தி இருந்தது. நடந்தவர்களுக்கு ஒரு வரி.

நண்பர் சிறிது தூரம் பேசாமல் காரை ஓட்டினார். "அவைக்கு வழியில ஆர் தண்ணி குடுத்தது?" என்றார்.

மலையடிவாரத்தில் ஆப்பிள் தோட்டங்கள். நுழைவுச்சீட்டை முன்னரே கணினி வழியாகப் பதிவுசெய்திருந்தோம்; செல்ல விரும்புவோர் அவ்வாறே செய்க. எர்ற்றெல் ஏரியின் அருகால் சென்று, காட்டினூடே ஏறும் வழியைப் பற்றினோம். உச்சியின் பெயர் 'பாண் ட சூக்ர்'. முற்காலத்தில் சீனியைக் கூம்பாய் வார்த்து விற்றதால் வந்த பெயர். நாம் பாண் என்பதும் பிரெஞ்சுக்காரர் பாண் போன்று ஒலிப்பதும் ஒரே இலத்தீன் மூலத்தின. எமக்கு அது போர்த்துக்கேயர் வழியாக வந்தது. வெதுப்பகத்தில் இருபது ஆண்டு இருந்தவர் இதனைக் கேட்டு மகிழ்வார் என எதிர்பார்த்தோம். அவர் மூச்சுவாங்கிக் கொண்டிருந்தார்.

ஏறும்போது அவர் கை அடிக்கடி பையின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்தது. உறை இருந்த இடம். முதல் அரைமணி நேரம் எண்ணினோம். பிறகு பாதை செங்குத்தாகவே எண்ணுவதை விட்டோம். இடையே முதியவர் இருவர் எதிரே இறங்கி வந்து, வணக்கம் சொல்லி, இன்னும் பத்து நிமிடம் என்றனர். நண்பர் அவர்கள் போவதைத் திரும்பி நின்று பார்த்தார். "வெறுங்கையோட போகினம்" என்றார்.

உச்சி 410 மீற்றரைச் சற்றுத் தாண்டியது. வெறும் பாறை. கீழே ரிஷெலியூ ஆறு வளைந்து கிடந்தது. மேற்கே தொலைவில் மொன்றியல் நகரின் கட்டடங்கள் குத்திவைத்த பென்சில்கள் போல் தெரிந்தன. சென்ட் லோரன்ட் எந்தப் பக்கம் என்று நண்பர் கேட்டார். மலைக்கு அப்பால் என்று காட்டினோம். குடுவையைத் திறந்து பேணிகளில் ஊற்றினோம். பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடித்தார். எம் சட்டைப்பையில், இடிக்காமல் எடுத்து வைத்த கொட்டைகள் சில இருந்தன. அவரிடம் நீட்ட எண்ணி, நீட்டாமல் விட்டோம்.

அவர் பேணியைக் கீழே வைத்தார்.

"மாஸ்ரர், ரெண்டாவது வெடி கேட்டபிறகும் விட்டிட்டியள் போல. கொஞ்சம் கூடிப்போச்சு."

அவர் சொன்னது சரி. மின்னடுப்பிலிருந்து தாச்சியை அகற்ற அரை நிமிடம் தாமதித்திருந்தோம். மூன்று மணிக்கு முன் இறங்கிவிட்டோம். அடுத்த சனிக்கிழமை பச்சை, மஞ்சள், கபிலம், கருமை என நான்கு நிலையிலும் கொட்டைகளை வகுப்புக்குக் கொண்டுசென்றோம். முன்வரிசை மாணவி வறுத்ததில் ஒன்றை வாயிலிட்டுக் கடித்துவிட்டுத் துப்பினாள். நண்பர் அன்று மாலை பத்திர உறைகளைப் பெற்றுக்கொள்ள வந்தார். ஒன்றை எடுத்துச் சென்றார். மற்றையதற்கு அடுத்த கிழமை வருவதாகச் சொன்னார்.